கோணல் அடி விழுந்த காசு

அந்தியோக்கியா, பாதாம் பூக்கும் மாதம்

டோரியோன் தன் மகள் மெலித்தாவுக்கு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை தெய்ரேஸும் சுகமாக இருந்தால் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. நான் சுகம், இடுப்பைத் தவிர.

இடுப்பைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. போன பௌர்ணமிக்கு மறுநாள் ஆளுநரின் ஆட்கள் நான் காசு அடிக்கும் நாணயச்சாலையைப் பார்வையிட வந்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். நன்றாக ஓங்கி அடித்துக் காட்டுவோம் என்று சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன். இடுப்புத் துணி இறங்கிவிட்டது. ஒரு கையில் காசு பதிக்கும் மேலச்சு, ஒரு கையில் சம்மட்டி. துணியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வந்தவர்களில் ஓர் அர்மேனிய அதிகாரி, "இதுக்குத்தான் பெரியவரே, நாங்க காற்சட்டை போடறோம்" என்றார். நல்லவேளை, கீழச்சில் செதுக்கியிருந்த டிக்ரான் அரசர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மானம் தப்பியது.

சிரித்தாயா? எங்கே இருந்து சிரிக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. நீ வாழ்க்கைப்பட்ட மசாகா ஊரையே அரசரின் படை காலி செய்து, அவர் தன் பெயரில் கட்டும் புது ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. பிறகு மசாகா வழியாக வந்த உப்பு வண்டிக்காரன் சொன்னான்: "கதவெல்லாம் தொறந்து கெடக்கு. நாயி மட்டும் காவலுக்கு இருக்கு." உன் கல்யாணத்துக்கு வந்தபோது அந்த ஊரில் எத்தனை பேர் என் இடுப்புக்கு வைத்தியம் சொன்னார்கள். அத்தனை பேரையுமா?

கோவேறு கழுதை ஓட்டும் பகூர் அந்தப் புது ஊர்ப் பக்கம் சுமை ஏற்றிப் போகிறான். அர்மேனியன், நல்லவன். தேடிப் பார்த்து இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். நான் தாளை எடுத்தாலே தெருவே வரிசையில் வந்து நிற்கிறது, என் பேரையும் போடு என்று. ஆகவே: மீன்காரி ரோதே உன்னை விசாரிக்கிறாள். கூட வேலை பார்க்கும் ஸோப்பிலோஸ் விசாரிக்கிறான். நான் மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருக்கும் இடத்தில் நன்றாக இரு.

*

புது ஊர், அறுவடை முடிந்த மாதம்

மெலித்தா தன் அப்பாவுக்கு. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம்.

பகூர் அண்ணன் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டே வந்தார். "அந்தியோக்கியா டோரியோன் பொண்ணு யாரும்மா? துணி அவுந்த டோரியோன்!" நான் ஓடிப் போய் வாயை மூடினேன். வழி நெடுக உங்கள் கதையைச் சொல்லித்தான் சத்திரங்களில் சோறு வாங்கினாராம்.

எங்களுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். கூரை இருக்கிறது. மதில் இன்னும் பாதிதான் எழுந்திருக்கிறது, ஆனால் வாசலும் காவலும் முதலிலேயே வந்துவிட்டன. உள்ளே வரலாம். வெளியே போக முடியாது. மசாகாவில் சேணம் தைத்த உங்கள் மாப்பிள்ளையைச் சுண்ணாம்புச் சூளையில் போட்டிருக்கிறார்கள். "சேணம் தைக்கிறவனுக்கு அங்க என்னய்யா வேலை?" என்று கேட்டாராம். "மதிலு குதிரை இல்ல, அதுக்குச் சேணம் வேணாம்" என்றார்களாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொஞ்சம் இருமுகிறார். தூசிதான்.

கூலி வெள்ளியில் வருகிறது. எல்லாம் நம் ஊர்க் காசு. ஒரு பக்கம் அரசர், நட்சத்திரத்தையும் இரண்டு கழுகையும் வைத்த நெடுங்கிரீடத்தோடு. மறுபக்கம் நம் நகரத் தேவி பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் நம் ஊர் ஆறு ஒரு பையன் உருவில் நீந்துகிறது. சில காசுகளில் தேவிக்குப் பாதித் தலை இல்லை, விளிம்புக்கு வெளியே போய்விட்டது. முதல் காசைப் பார்த்தவுடனே அவர், "ஏய், இது மாமாவோட அடிடி" என்றார். நானும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ரொட்டிக்காரியிடம் நேரான காசுகளைத்தான் முதலில் கொடுக்கிறேன். உங்கள் அடி கடைசியில்தான் கையை விட்டுப் போகிறது.

முடிந்தால் எங்களை வரவழையுங்கள், அப்பா. முடியாவிட்டால் பரவாயில்லை. தெய்ரேஸ் உங்களை விசாரிக்கிறார், உங்கள் இடுப்பைத் தனியாக விசாரிக்கிறார். சுகமாயிருங்கள்.

*

அந்தியோக்கியா, அத்தி பழுக்கும் மாதம்

அப்பா டோரியோன் மெலித்தாவுக்கு. நீங்கள் இருவரும் உயிரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறீர்கள். அது போதும் என்று சொல்ல வந்தேன், போதவில்லை. நான் சுகம்.

முதலில் என் தொழிலைப் பற்றி. அரசர் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது, கீழச்சின் மேல் வெறும் வெள்ளி வில்லையை வைக்கும் ஸோப்பிலோஸின் திறமை. மேலச்சில் இருக்கும் தேவியின் தலை பறப்பது என் திறமை. இத்தனை வருடம் மேற்பார்வையாளர் திட்டித் தீர்த்த அந்தக் கோணலை நீ தேடிப் பிடித்தாய் என்று கேட்டதிலிருந்து தோளுக்கு ஒரு வேகம். உனக்காக இன்னும் கொஞ்சம் சாய்த்தே அடிக்கிறேன். தேவி பொறுத்துக்கொள்வாள், அவள் நம் ஊர்க்காரிதானே.

ஆளுநர் மாளிகைக்குப் போனேன். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான். அங்கே ஓர் எழுத்தர், தலையே நிமிரவில்லை.

"பொண்ணு எந்த ஊரு?"

"இந்த ஊருதான் ஐயா. ஆத்தங்கரைத் தெருவுல பொறந்தவ."

"கட்டிக் குடுத்தது?"

"மசாகா."

"அப்ப மசாகாக்காரி."

"அந்த ஊர்ல இப்ப ஆளே இல்லையே ஐயா."

"அதான் புது ஊர்க்காரி ஆயிட்டா."

புருஷனையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "ஒரு சேணக்காரனை விட்டா, விடியறப்ப ஊரே வாசல்ல நிக்கும்" என்றார். கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச நன்றாக வரும், உனக்குத்தான் தெரியுமே. கடைசியில் அவரே இரக்கப்பட்டுச் சொன்னார்: "ஒரு வழிதான்யா இருக்கு. புருஷன் செத்துட்டா பொம்பள அப்பன் வீட்டுக்காரி. அது பழைய சட்டம், அரசரும் அதுல கை வைக்கல."

"அப்ப மாப்பிள்ளை பெரிய மனசு பண்ணாத்தான் உண்டு" என்றேன். எழுத்தர் சிரித்தார், நானும் சிரித்தேன். படியில் இறங்கும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. இல்லை, காட்டு. அவர் சிரிப்பார்.

ரோதே விசாரித்தாள். ஸோப்பிலோஸ் விசாரித்தான். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. சூளைப் பக்கம் போகும்போது மூக்கில் ஈரத் துணி கட்டிக்கொள்ளட்டும்.

*

அந்தியோக்கியா, முதல் மழை

மெலித்தா, சுகம்தானே? நான் சுகம். உன்னிடமிருந்து பதில் இல்லை.

பகூர் வெறுங்கையோடு திரும்பினான். ஊருக்குள் காய்ச்சலாம், வாசலில் யாரையும் விடவில்லையாம். என் கடிதத்தைக் காவலனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். "குடுத்துருவான் பெரியவரே, என் அத்தை ஊர்க்காரன்" என்கிறான். அவனுக்கு எல்லா ஊரிலும் அத்தை இருக்கிறாள்.

நான் வேடிக்கையாக எழுதியது மாப்பிள்ளைக்குக் கசந்துவிட்டதோ என்று ஒரு பயம். உன் அம்மா இருந்திருந்தால் அந்த வரியை அழிக்கச் சொல்லியிருப்பாள். அவள் போன பிறகு அப்படிச் சொல்ல எனக்கு ஆளில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. கேட்டால் ஆச்சரியப்படுவாய், இப்போதெல்லாம் தேவி தலையோடு முழுசாக விழுகிறாள். வயதான காலத்தில் தொழில் பிடிபட்டுவிட்டது. அதனால் நேரான காசாக வந்தால் பயப்படாதே.

ரோதே, ஸோப்பிலோஸ் இருவரும் விசாரித்தார்கள். மாப்பிள்ளையை மூன்று தடவை விசாரித்ததாகச் சொல்.

*

புது ஊர், பனி மாதம்

அப்பாவுக்கு மெலித்தா. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

காய்ச்சல் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வாசல் மூடியிருந்ததால் எழுத முடியவில்லை. கூலிப் பையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தேன். ஒரு கோணல் காசுகூட இல்லை. எல்லாத் தேவிக்கும் தலை இருந்தது. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் உங்கள் இரண்டு கடிதங்களும் சேர்ந்து கிடைத்தன. தொழில் பிடிபட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பகூர் அண்ணன் நேற்று உள்ளே வந்தார். அவரைக் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. "சாய்ச்சு அடிச்சு சாய்ச்சு அடிச்சு, ஒரு நாள் தேவியே காசை விட்டு எறங்கிப் போயிட்டா. பெரியவரைத் துருத்தி ஊத அனுப்பிட்டாங்க" என்றார். ஏன் அப்பா அப்படிச் செய்தீர்கள்?

எழுத்தர் சொன்ன சட்டத்தை உங்கள் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். கோபமே இல்லை. சிரித்ததில் இருமல் வந்து, இருமி முடித்துவிட்டு, "இவ்வளவுதானா? நான் செத்துட்டேன்னு எழுதிடு. நீ முன்னாடி போ. நான் பகூர் கழுதைக்குச் சேணம் தைக்கிறவனா வேஷம் போட்டுப் பின்னாடியே வர்றேன்" என்றார். அன்று முழுக்க அதே பேச்சு. பிணத்துக்குச் சாப்பாடு போடு, பிணத்துக்கு முதுகு சொறி என்று ஒரே ரகளை. அவர் பேச்சை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருமல் குறைந்திருக்கிறது. தெய்ரேஸ் உங்களை விசாரிக்கிறார். ரொட்டிக்காரி விசாரிக்கிறாள், பார்க்காதவரை எப்படி விசாரிப்பது என்று கேட்டுவிட்டு. சுகமாயிருங்கள்.

*

அந்தியோக்கியா, பனி மாதத்தின் கடைசி

மெலித்தாவுக்கு அப்பா. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் சுகம். துருத்தி ஒன்றும் மோசமில்லை, குளிர்காலத்தில் ஊரிலேயே சூடான இடத்தில் நிற்பவன் நான்தான்.

மாப்பிள்ளையின் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா, தெரிந்துவைத்திருப்போமே என்று எழுத்தரிடம் கேட்டேன். மனைவி கைப்பட எழுதிய கடிதம் ஒன்று. பெண்ணைப் பெற்றவன் ஆளுநர் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். இவ்வளவுதான். சத்தியம் பொய் என்று பின்னால் தெரிந்தால் பெண்ணை வந்த வழியே திருப்பி அனுப்புவார்களாம், அப்பனின் வலது கை அப்பனுக்கு இல்லையாம். எனக்குத்தான் இப்போது சம்மட்டி இல்லையே, வலது கையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறேன்?

நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. கேட்டதை எழுதினேன். மாப்பிள்ளை புத்திசாலி.

எல்லாரும் விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

*

புது ஊர், பனி உருகும் மாதம்

மெலித்தா தன் அப்பா டோரியோனுக்கு. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

என் கணவர் தெய்ரேஸ் இறந்துவிட்டார். நெஞ்சு இருமல். சூளையில் கூட வேலை பார்த்தவர்கள் தூக்கி வந்து புதைத்தார்கள். இங்கே எனக்கு வேறு உறவு இல்லை. என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தெய்ரேஸ் உங்களை விசாரிக்கிறார். துருத்தியை நின்றுகொண்டு ஊதினால் இடுப்புப் போய்விடுமாம், உட்கார்ந்து ஊதச் சொல்கிறார். சுகமாயிருங்கள்.

*

அந்தியோக்கியா, பாதாம் மறுபடி பூத்துவிட்டது

என் மகள் மெலித்தாவுக்கும், காலஞ்சென்ற மாப்பிள்ளைக்கும் டோரியோன் எழுதுவது! இருவரும் சுகம்தானே? நான் பரம சுகம். பகூர் இதைச் சேணத்துக்குள் வைத்துத் தைத்துக் கொண்டு வருகிறான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதல் வரிகளில் நெஞ்சு நின்றுவிட்டது. அப்புறம் கீழே வந்தேன். செத்தவர் என் இடுப்பை விசாரிக்கிறார்! உலை முன்னாலேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஸோப்பிலோஸ் வந்து என்ன என்றான். ஒன்றுமில்லை என்றேன். அடி பெண்ணே, உன் கை பழக்கதோஷத்தில் என்ன காரியம் செய்ய இருந்தது! எழுத்தர் அந்த வரியைப் பார்த்திருந்தால் நம் கதி? அடிப்பாகத்தை மட்டும் நேராகக் கிழித்தேன். என் வாழ்நாளில் நேராக வந்த ஒரே வேலை.

சத்தியம் செய்தேன். அதை விளையாட்டாக எழுத முடியவில்லை, முயற்சி செய்கிறேன். கையில் புதுக் காசு ஒன்றை வைத்தார்கள், அரசர் கீழே, தேவி மேலே. அரசரின் அதிர்ஷ்டத்தின் மீதும் இந்தத் தேவியின் மீதும் சொல் என்றார்கள். அந்தக் காசு என் அடியாக இருந்திருந்தால் அவளுக்குக் கண் இருந்திருக்காது. எனக்குப் பதில் வந்திருக்கும் பாவி நன்றாக அடிக்கிறான். அவள் முழு முகத்தோடு இருந்தாள். "என் மருமகன் செத்துட்டான்" என்றேன். குரல் நடுங்கியது. துக்கம் என்று நினைத்து எழுத்தர் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. கண்ணை மூடினால் அவள் பார்க்கிறாள். போகட்டும்.

அனுமதி ஓலை பகூரிடம் இருக்கிறது. உன் பெயர் போட்டது. பிணத்திடம் சொல்: சேணக்காரராகப் பின்னால் வரும்போது வாசலில் இருமாமல் வரட்டும். பிணம் இருமினால் காவலனுக்குச் சந்தேகம் வரும். நான் உட்கார்ந்தே ஊதுகிறேன் என்றும் சொல். சாகும்போதுகூட மாமனார் இடுப்பை நினைக்கிற மாப்பிள்ளை இந்த ஊரில் எவனுக்கு இருக்கிறான்!

ரோதே இரண்டு பேருக்கும் மீனை உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். சீக்கிரம் வாருங்கள்.

*

புது ஊர், அதே மாதம்

அப்பாவுக்கு மெலித்தா. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அடுப்பில் போடச் சொன்னீர்கள், போட்டுவிட்டேன்.

அவர் இறந்துதான் போனார், அப்பா.

உங்கள் மேல் தப்பில்லை. நாங்கள்தான் அப்படிப் பேசிச் சிரித்தோம். செத்துட்டேன்னு எழுதிடு என்று அவர் சொன்ன அன்றே துணியில் இரத்தம் இருந்தது. நான் இருமல் குறைந்திருக்கிறது என்று எழுதினேன். உங்களால் அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன்.

தாள் ஒன்றுதான் இருந்தது. அன்று மாலை கண்ணைத் திறந்தார். மாமாவுக்கு எழுதப் போறியா என்றார். "மொதல்ல என் விசாரிப்பை எழுது. மத்தது எழுதி எடமில்லாமப் பண்ணிடுவே" என்றார். தாளின் அடியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். துருத்தியை உட்கார்ந்து ஊதச் சொன்னதும் அவர்தான். மேலே உள்ளதை எல்லாம் முடிந்த பிறகு எழுதினேன். கீழே இருந்ததை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

அந்த அடிப்பாகத்தைக் கிழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பத்திரமாக வைத்திருங்கள். அவர் சொல்லி நான் எழுதியது அது ஒன்றுதான்.

மலைப்பாதையில் பனி விட்டதும், அடுத்த நடையில் பகூர் அண்ணன் என்னைக் கூட்டி வருகிறார். ரொட்டிக்காரி விசாரித்தாள்.

*

அந்தியோக்கியா, அதே மாதத்தின் முடிவு

என் மகள் மெலித்தாவுக்கு அப்பா. நீ சுகமாக வந்து சேர வேண்டும்.

பல தாள்களைக் கெடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரிந்தது எல்லாம் விளையாட்டுப் பேச்சு. அதை எடுத்துவிட்டால் என்னிடம் வார்த்தை இல்லை.

அந்தத் துண்டு இல்லை, அம்மா. யார் கண்ணிலும் படக்கூடாது என்று கிழித்த உடனே உலையில் போட்டுவிட்டேன். நானே துருத்தியை ஊதினேன். நீ வந்து கேட்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். திட்டு. வந்து திட்டு.

நான் அனுப்பியதை நீ அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்திருப்பாய். அதற்கு நான் என்ன செய்ய?

மலையில் இன்னும் குளிர் இருக்கும். பகூரிடம் என் கம்பளியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழியில் வெறும் வயிற்றோடு இருக்காதே. ரோதே அழுதாள். ஸோப்பிலோஸ் அன்று வேலைக்கு வரவில்லை. கிளம்பும் முன் மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்று. டோரியோன் விசாரித்ததாகச் சொல்.

*

எழுதி முடித்ததும் எப்போதும் போல ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து மெழுகு வைத்தேன். பகூர் வாங்கிக்கொண்டு போனான்.

நான் உரக்கச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அவள் கடிதத்தை உலையோரம் நின்று பிரித்து, 'அவர் இறந்துதான் போனார்' என்ற வரிக்கு வந்தபோது, கண்ணில் நீர் வருவதற்கு முன்னால், அந்த மாப்பிள்ளைப் பையனின் முகம் நினைவுக்கு வருவதற்கும் முன்னால், எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அப்பாடா, நான் செய்தது பொய்ச் சத்தியம் இல்லை. இனி அவளை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.